கம்பெனிச் சட்டம் படிக்கும் பிள்ளைகளும் கையெழுத்துப் போடும் குடும்பங்களும்

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வருகிறது. உள்ளே பத்துப் பதினைந்து தாள்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வேண்டும். வாப்பா போடுகிறார். பிறகு அடுப்படியில் இருக்கும் உம்மாவைக் கூப்பிட்டு, "இங்கே போடு, இங்கே போடு" என்று காட்டுகிறார். உம்மாவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டுவிட்டுப் போகிறார். தான் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் இயக்குநர் என்பது அவருக்குத் தெரியுமா? தெரிந்தாலும், அதன் பொருள் என்ன என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

அதே வீட்டில் பி.காம். படிக்கும் மகளின் பையில் கம்பெனிச் சட்டப் புத்தகம் இருக்கிறது. அடுத்த வாரம் தேர்வு. "இயக்குநரின் கடமைகள் யாவை?" என்ற கேள்விக்கு ஏழு பாயிண்டுகளை அவள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். அவள் படிப்பதும் அவளுடைய உம்மா கையெழுத்துப் போட்டதும் ஒரே விஷயம் என்பது இருவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

வணிகம் நமக்குப் புதிதல்ல. தோல், ஜவுளி, மளிகை, இரும்பு, ஹோட்டல், ஏற்றுமதி என்று பல தலைமுறைகளாகச் செய்துவருகிறோம். நம் பிள்ளைகளில் பெரும் எண்ணிக்கையினர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பி.காம்., பி.பி.ஏ. படிக்கிறார்கள். அந்தப் படிப்பில் இடம்பெறும் கம்பெனிச் சட்டம் என்ற பாடத்தைத் தேர்வுக்குப் பிறகு மூட்டை கட்டிப் பரணில் போடாமல், வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பாடத்தில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் இன்று நடைமுறையில் இருப்பது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதற்கு முன் 1956ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. புதிய சட்டத்தில் 29 அத்தியாயங்கள், 470 பிரிவுகள், 7 அட்டவணைகள். இதைக் கேட்டவுடனே மாணவர்கள் பயந்துவிடுகிறார்கள். ஆனால் இளநிலைப் பாடத்திட்டம் அத்தனையையும் கேட்பதில்லை. ஒரு கம்பெனியின் வாழ்க்கையை வரிசையாகச் சொல்வதுதான் பாடம்: அது எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பணம் திரட்டுகிறது, யார் நடத்துகிறார்கள், எப்படிக் கூடி முடிவெடுக்கிறார்கள், சண்டை வந்தால் எங்கே போவது, கடைசியில் எப்படிக் கலைகிறது. இந்த ஆறு படிகளை மனதில் வைத்துக்கொண்டால் எந்த அலகும் குழப்பாது.

கம்பெனி பிறப்பதற்கு இரண்டு ஆவணங்கள் அடிப்படை. ஒன்று மெமோராண்டம். கம்பெனியின் பெயர், பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலம், அதன் நோக்கம், பங்குதாரர்களின் பொறுப்பு, மூலதனம் ஆகியவை அதில் இருக்கும். இன்னொன்று ஆர்ட்டிகிள்ஸ். வீட்டுக்குள்ளே எப்படி நடந்துகொள்வது என்ற விதிகள் அதில் இருக்கும். பிரைவேட் கம்பெனி தொடங்கக் குறைந்தது 2 உறுப்பினர்களும் 2 இயக்குநர்களும் வேண்டும். உறுப்பினர்கள் 200 பேருக்கு மேல் போகக் கூடாது. பங்குகளை யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடியாதபடி ஆர்ட்டிகிள்ஸில் கட்டுப்பாடு இருக்க வேண்டும். பொதுமக்களிடம் பங்கு வாங்கச் சொல்லி அழைப்பு விடக் கூடாது. பப்ளிக் கம்பெனிக்குக் குறைந்தது 7 உறுப்பினர்களும் 3 இயக்குநர்களும் வேண்டும். ஒருவரே தொடங்கும் கம்பெனிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருக்கிறது.

ஒரு காலணி வியாபாரியின் வழக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் குடும்பங்களுக்கு இந்த வழக்கு எளிதில் புரியும். கம்பெனிச் சட்டத்தின் அஸ்திவாரமே ஒரு காலணித் தொழில்தான்.

லண்டனில் ஆரன் சாலமன் என்பவர் தோல் காலணி தயாரிக்கும் தொழில் நடத்திவந்தார். 1892இல் அதை ஒரு கம்பெனியாக மாற்றி, தன் தொழிலைச் சுமார் 39 ஆயிரம் பவுண்டுக்கு அந்தக் கம்பெனிக்கே விற்றார். வெளியிடப்பட்ட 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மனைவிக்கும் ஒரு மகளுக்கும் நான்கு மகன்களுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. விலையின் ஒரு பகுதியாக 10 ஆயிரம் பவுண்டுக்குக் கடன் பத்திரங்களையும் பெற்றுக்கொண்டார். அந்தக் கடனுக்குக் கம்பெனியின் சொத்து ஈடாக இருந்தது.

தொழில் நொடித்தது. கம்பெனி கலைப்புக்கு வந்தது. சொத்தை விற்றால் ஈடு பெற்ற கடனுக்குத்தான் வரும். சரக்குக் கொடுத்த மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. "கம்பெனி என்பதும் சாலமன் என்பதும் ஒன்றுதான், அவர் கையிலிருந்து எங்கள் கடனைக் கொடுக்கட்டும்" என்று அவர்கள் தரப்பில் வாதாடப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. ஆனால் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்புகளைத் தள்ளிவிட்டது. சட்டப்படி பதிவு செய்யப்பட்ட பிறகு கம்பெனி தனி ஆள்; அதன் கடன் அதனுடையது; பங்குதாரரின் கடன் ஆகாது. பாடப்புத்தகங்களில் சாலமன் எதிர் சாலமன் அண்ட் கோ, 1897 என்று வருவது இந்த வழக்குதான்.

இதைக் கூட்டு வியாபாரத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு கூட்டாளி வாங்கிய தொழில் கடனுக்கு எல்லாக் கூட்டாளிகளும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கூட்டாளி ஒருவர் இறந்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு அங்கேயே கலைந்துவிடும். கம்பெனி அப்படியல்ல. உறுப்பினர் இறந்தாலும் அது தொடரும்.

கடை நம்முடையதா, கம்பெனியுடையதா?

தனி ஆள் என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. நம் குடும்பங்கள் அதைத்தான் மறந்துவிடுகின்றன. கம்பெனியின் கடன் நம்முடையது இல்லை என்றால், கம்பெனியின் சொத்தும் நம்முடையது இல்லை.

1955இல் பச்சா குஸ்தார் என்பவரின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தேயிலைக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த அவர், தனக்கு வந்த ஈவுத்தொகை விவசாய வருமானம் என்று வாதாடினார். பங்குதாரருக்குக் கம்பெனியின் நிலத்தில் உரிமை இல்லை. அவருக்கு இருப்பது பங்குதான். ஈவுத்தொகை அந்தப் பங்கிலிருந்து வருகிறது என்று நீதிமன்றம் கூறியது.

இங்கிலாந்தில் 1925இல் முடிந்த மக்கௌரா வழக்கும் அப்படித்தான். தன் மரங்களை எல்லாம் கம்பெனிக்கு விற்றுவிட்ட ஒருவர், அந்த மரத்துக்குத் தன் சொந்தப் பெயரிலேயே காப்பீடு எடுத்திருந்தார். மரம் எரிந்துபோனது. கம்பெனியின் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் அவர் கையில்தான். ஆனாலும் மரம் அவருடையது அல்ல என்பதால் காப்பீட்டுத் தொகை கிடைக்கவில்லை.

இப்போது நம் கடைக்கு வருவோம். குடோனில் இருக்கும் சரக்கு கம்பெனியின் பெயரில் வாங்கியது. காப்பீடு யார் பெயரில் இருக்கிறது? கல்யாணச் செலவுக்குக் கம்பெனிக் கணக்கிலிருந்து எடுத்த பணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது? இயக்குநருக்குக் கம்பெனி கடன் கொடுப்பதைப் பிரிவு 185 கட்டுப்படுத்துகிறது என்பது தெரியுமா? "நம்ம கம்பெனிதானே" என்ற வார்த்தையில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன.

எந்த இடத்தில் பாதுகாப்பு முடிகிறது?

"லிமிடெட் என்று போட்டுவிட்டால் வீடு தப்பும்" என்று நாம் நினைக்கிறோம். பாதி உண்மை. கீழ்க்கண்ட இடங்களில் அந்தப் பாதுகாப்பு நிற்காது.

முதலாவது, சொந்த ஜாமீன். கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி பெரும்பாலும் இயக்குநர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்கும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128இன்படி, வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, கடன்காரரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரரின் பொறுப்பு. கம்பெனிக்குத் திவால் சட்டத்தில் தீர்வுத் திட்டம் ஒப்புதல் ஆகிவிட்டாலும் ஜாமீன் கொடுத்தவர் தானாக விடுபட மாட்டார் என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கவரில் வந்த தாள்களில் ஜாமீன் பத்திரம் எது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவது, வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல.

இரண்டாவது, காசோலை. கம்பெனியின் காசோலை திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138, 141இன்படி கம்பெனியுடன் சேர்த்து, அப்போது தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் மீதும் வழக்கு வரும்.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. பாக்கி. பிரைவேட் கம்பெனியிடமிருந்து வரியை வசூலிக்க முடியாமல் போனால், மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 89இன்படி அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்தவர்களிடம் கேட்கலாம். தன் அலட்சியத்தாலோ கடமை தவறியதாலோ அது நேரவில்லை என்று இயக்குநர்தான் நிரூபிக்க வேண்டும்.

நான்காவது, மோசடி. கம்பெனியைத் திரையாக வைத்து ஏமாற்றினால் நீதிமன்றம் திரையை விலக்கிப் பின்னால் இருப்பவரைப் பார்க்கும். 1927இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் வழக்கில் இதைச் செய்தது. வரியைக் குறைக்க அவர் நான்கு பிரைவேட் கம்பெனிகளைத் தொடங்கித் தன் முதலீடுகளை அவற்றுக்கு மாற்றியிருந்தார். இன்றைய சட்டத்தில் பிரிவு 447 மோசடிக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

பெயருக்கு மட்டும் இயக்குநர்

"சும்மா பெயருக்குத்தான் உன்னைப் போட்டிருக்கிறோம்" என்று நம் உம்மாமார்களிடமும் சகோதரிகளிடமும் சொல்லப்படுகிறது. சட்டத்தில் பெயருக்கு இயக்குநர் என்று ஒரு வகை கிடையாது. பிரிவு 166 எல்லா இயக்குநருக்கும் ஒரே கடமைகளைச் சொல்கிறது: ஆர்ட்டிகிள்ஸின்படி நடக்க வேண்டும், நல்லெண்ணத்துடன் கம்பெனியின் நலனுக்காகச் செயல்பட வேண்டும், கவனத்துடனும் சொந்தமாக யோசித்தும் முடிவெடுக்க வேண்டும், தன் நலன் கம்பெனியின் நலனோடு மோதும் நிலைக்குப் போகக் கூடாது, முறையற்ற ஆதாயம் அடையக் கூடாது, தன் பதவியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது.

தொழில் நின்றுபோன கம்பெனியை அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்து. ஒரு கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் நிதிநிலை அறிக்கையையோ வருடாந்தர அறிக்கையையோ தாக்கல் செய்யாவிட்டால், பிரிவு 164(2)இன்படி அதன் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகள் தகுதி இழக்கிறார்கள். 2017இல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் இந்தப் பிரிவின் கீழ் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்களைத் தகுதியற்றவர்கள் என்று அறிவித்தது. பலர் உயர் நீதிமன்றங்களின் படியேற வேண்டியதாயிற்று. தாமதமாகத் தாக்கல் செய்தாலும் சும்மா விடாது: நிதிநிலை அறிக்கைக்கான ஏ.ஓ.சி.-4, வருடாந்தர அறிக்கைக்கான எம்.ஜி.டி.-7 ஆகிய படிவங்களுக்குத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு படிவத்துக்கும் 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவமும் ஓராண்டு தாமதமானால் கூடுதல் கட்டணம் மட்டுமே 73,000 ரூபாய் ஆகிவிடும்.

இன்னொரு சிறிய, ஆனால் முக்கியமான விஷயம் டிஜிட்டல் கையெழுத்து. பென் டிரைவ் போல இருக்கும் அந்தக் கருவி நம் குடும்பத்து இயக்குநர்கள் பலருக்கு ஆடிட்டர் அலுவலக டிராயரில்தான் இருக்கிறது. அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக் கவனம் எடுக்க வேண்டிய கடமை அதற்கு உரியவருடையது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. நல்ல ஆடிட்டரை நம்புவது வேறு. எதில் கையெழுத்தாகிறது என்றே கேட்காமல் இருப்பது வேறு.

மூன்று சகோதரர்களின் கணக்கு

கம்பெனிக் கூட்டங்கள், தீர்மானங்கள் பற்றிய பாடம் மாணவர்களுக்கு வறட்சியாகத் தோன்றும். ஓர் உதாரணம் வைத்துப் பார்த்தால் அப்படி இருக்காது.

மூன்று சகோதரர்கள் ஆளுக்குச் சமமாக மூன்றில் ஒரு பங்கு வைத்து ஒரு கம்பெனி நடத்துகிறார்கள் என்று கொள்வோம். மூவரும் இயக்குநர்கள். மூத்தவரும் நடுவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். இளையவரை என்ன செய்ய முடியும்?

சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு போதும். இருவரிடமும் சேர்ந்து 66.67 சதவீதம் இருக்கிறது. இயக்குநரை நீக்கப் பிரிவு 169இன்படி சாதாரணத் தீர்மானம் போதும். எனவே உரிய அறிவிப்புக் கொடுத்து, இளையவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் அளித்து, அவரை இயக்குநர் பதவியிலிருந்து நீக்க முடியும்.

ஆனால் ஆர்ட்டிகிள்ஸை மாற்ற முடியாது. அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆதரவு வாக்கு எதிர்ப்பு வாக்கைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அதாவது அளிக்கப்பட்ட வாக்கில் 75 சதவீதம். அவ்வளவு அவர்களிடம் இல்லை. இளையவரின் 33.33 சதவீதம் அங்கே தடுப்புச் சுவராக நிற்கிறது.

கணக்கைக் காட்டாமல், கூட்டத்துக்கு அழைக்காமல், பங்கின் மதிப்பைக் குறைக்கும்படி நடந்துகொண்டால் அவர் எங்கே போவது? பிரிவு 241இன் கீழ் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பங்கு மூலதனத்தில் 10 சதவீதம் வைத்திருப்பவருக்கு அந்த உரிமை உண்டு. 2016 ஜூன் மாதம் முதல் செயல்படும் இந்தத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் அமர்வு இருக்கிறது. ஆனால் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கியது மட்டுமே ஒடுக்குமுறை ஆகிவிடாது என்று டாட்டா சன்ஸ், சைரஸ் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது.

இந்தக் கணக்கு கம்பெனி தொடங்கும் நாளிலேயே தெரிந்திருந்தால், யாருக்கு எத்தனை பங்கு, வெளியேற விரும்புபவரின் பங்கை யார் எந்த மதிப்பில் வாங்குவது என்பதை ஆர்ட்டிகிள்ஸில் எழுதிவைத்திருக்கலாம். கடனை எழுதிவைப்பதைப் பற்றிப் பேசும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் என்று நமக்குத் தெரியும். ஆனால் சகோதரர்களுக்கிடையே எழுதிவைப்பதை நாம் அவமரியாதையாக நினைக்கிறோம். எழுதாமல் விட்டதனால் ஜமாஅத் பஞ்சாயத்து வரை வந்து, ஒரே தெருவில் ஸலாம் சொல்லாமல் கடந்துபோகும் சகோதரர்கள் எத்தனை பேர்!

நாமினி வேறு, வாரிசு வேறு

நம் குடும்பங்களுக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் பாடம் இது. பிரிவு 72இன்படி பங்குதாரர் தனக்குப் பின் பங்குகள் யாரிடம் போக வேண்டும் என்று எஸ்.ஹெச்.-13 படிவத்தில் நாமினி நியமிக்கலாம். பெரும்பாலும் மூத்த மகன் பெயர் எழுதப்படும். வாப்பா மவுத்தான பிறகு "நாமினி நான்தான், பங்கு எனக்குத்தான்" என்று அவர் நினைக்கலாம். உம்மாவும் சகோதரிகளும் சட்டமே அப்படித்தான் போலும் என்று ஒதுங்கிவிடலாம்.

சட்டம் அப்படி இல்லை. 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்தது. பங்குக்கு நாமினியாக இருப்பவர் அதன் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுரிமைச் சட்டத்தின்படி யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்கே அது சேரும். முஸ்லிம்களுக்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின்படி ஷரீஅத் வாரிசுரிமை பொருந்தும்.

ஓர் எளிய கணக்கு. ஒருவர் 800 பங்குகளை விட்டுச் செல்கிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 100 பங்குகள். மீதி 700. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற வீதத்தில் மகனுக்கு 350, மகள்களுக்கு ஆளுக்கு 175. நாமினி மகனாக இருந்தாலும் கணக்கு இதுதான்.

இங்கே முன்பு சொன்ன குஸ்தார் வழக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கம்பெனி பெயரில் இருக்கும் கட்டடமும் லாரியும் வாப்பாவின் சொத்தில் சேராது. பிரிக்க வேண்டியது பங்குகளை. "கடையைப் பிரிக்க முடியாது" என்று சொல்லிச் சகோதரிகளுக்கு எதுவும் கொடுக்காமல் விடுவதற்குக் கம்பெனிச் சட்டம் சாக்காக முடியாது. கடையைப் பிரிக்காமலேயே பங்கைப் பிரிக்கலாம். கம்பெனி அதே மாதிரி நடக்கும். உரிமை உரியவர்களுக்குப் போகும்.

ஊராரின் பணம்

நம் சமுதாயத்தில் வட்டியைத் தவிர்க்க விரும்பும் மக்கள், தெரிந்தவர்களின் தொழிலில் பணம் போட்டு மாதாமாதம் லாபப் பங்கு வாங்குவது வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் பணம் வாங்குவது கம்பெனியாக இருந்தால் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

டெபாசிட், கடன், வேறு எந்த வடிவிலும் கம்பெனி பெறும் பணத்தைச் சட்டம் டெபாசிட் என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. விதிகள் தனியாக விலக்கியவை மட்டுமே அதில் சேராது. பிரைவேட் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க முடியாது. தன் உறுப்பினர்களிடம் நிபந்தனைகளுடன் வாங்கலாம்; இயக்குநரோ அவருடைய உறவினரோ கடன் வாங்காத தம் சொந்தப் பணம் என்று எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். "பங்கு தருகிறோம்" என்று பணம் வாங்கினால் 60 நாட்களுக்குள் பங்கை ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் அதுவும் டெபாசிட் ஆகிவிடும். விதியை மீறும் பொறுப்பாளர்களுக்குப் பிரிவு 76ஏ-இன்படி 7 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். இதற்கு மேல் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டமும், முறைப்படுத்தப்படாத டெபாசிட்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கின்றன.

லாபப் பங்கு, முளாரபா என்று எந்தப் பெயர் வைத்தாலும் சட்டம் பணத்தின் தன்மையைத்தான் பார்க்கும். 2019இல் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, ஹலால் முதலீடு என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றதை நாம் பார்த்தோம். கல்யாணத்துக்குச் சேர்த்தது, வளைகுடாவில் உழைத்து அனுப்பியது, ஹஜ்ஜுக்கு வைத்திருந்தது எல்லாம் அதில் போயின.

இங்கேதான் நம் பி.காம். பிள்ளைகள் உதவ முடியும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எந்தக் கம்பெனியின் அடிப்படை விவரத்தையும் இலவசமாகப் பார்க்கலாம்: எப்போது பதிவானது, மூலதனம் எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கை தாக்கலானது, செயல்பாட்டில் இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டதா. 100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களையே பார்க்கலாம். பணம் போடும் முன் மகனிடமோ மகளிடமோ "இந்தக் கம்பெனியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று கேளுங்கள். பதிவாகியிருக்கிறது என்பதாலேயே ஒரு கம்பெனி நம்பகமானது ஆகிவிடாது. ஆனால் மூன்று ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யாத கம்பெனியிடம் பணம் கொடுக்கக் கூடாது என்பதையாவது அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

எப்படிப் படிப்பது?

மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சில விஷயங்கள்.

கைடு மட்டும் போதாது. சட்டத்தின் மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசின் இந்தியா கோட் தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. பாடத்தில் ஒரு பிரிவு வரும்போது மூலத்தில் அதே பிரிவை ஒருமுறை வாசியுங்கள். ஆங்கிலம் முதலில் கடினமாக இருக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் ஒரு வரியாக நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு பருவம் இப்படிச் செய்தால் அடுத்த சட்டப் பாடங்கள் தானாக எளிதாகும். பழைய கைடு புத்தகங்களில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

வழக்குகளை நான்கு வரியில் எழுதப் பழகுங்கள்: என்ன நடந்தது, கேள்வி என்ன, நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் சொன்னது. முன்னே பார்த்த சாலமன், மக்கௌரா, குஸ்தார் வழக்குகளையே இப்படி எழுதிப் பாருங்கள். தேர்வில் பெயர் மட்டும் எழுதுபவரைவிட, காரணத்தை எழுதுபவருக்கே மதிப்பெண் கிடைக்கும்.

எண்களை அட்டவணையாகப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். உதாரணமாக: பொதுக்குழுக் கூட்டத்துக்கு 21 நாள் அறிவிப்பு, இயக்குநர் குழு ஆண்டுக்குக் குறைந்தது 4 முறை கூட வேண்டும், இரண்டு கூட்டங்களுக்கு இடையே 120 நாட்களுக்கு மேல் போகக் கூடாது, சிறு கம்பெனிக்கு ஒவ்வோர் அரையாண்டிலும் ஒரு கூட்டம் போதும், ஆனால் இடைவெளி 90 நாட்களுக்குக் குறையக் கூடாது, வருடாந்தரக் கூட்டத்துக்குப் பிறகு ஏ.ஓ.சி.-4 தாக்கல் செய்ய 30 நாட்கள், எம்.ஜி.டி.-7க்கு 60 நாட்கள்.

கடைசியாக, வீட்டில் கம்பெனி இருந்தால் அதன் ஆர்ட்டிகிள்ஸை எடுத்து வாசியுங்கள். அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது.

அடுத்த படி

இந்தப் பாடம் பிடித்துப்போனவர்களுக்குக் கம்பெனி செயலர் படிப்பு இருக்கிறது. இந்தியக் கம்பெனி செயலர்கள் நிறுவனம் நடத்தும் இந்தப் படிப்பில் நுழைவு நிலை, எக்ஸிகியூட்டிவ், புரொஃபஷனல் என்று படிகள். செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள பிரைவேட் கம்பெனி முழுநேரச் செயலரை நியமிக்க வேண்டும் என்று விதி இருப்பதால் இதற்கு வேலை வாய்ப்பு உண்டு. சி.ஏ., சி.எம்.ஏ. படிப்புகளிலும் கம்பெனிச் சட்டம் முக்கியமான தாள். பி.காம். முடித்து மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகிறவர்களுக்கும் இது அடித்தளம். தீர்ப்பாயத்தில் வாதாடவும், ஜமாஅத்துகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஆலோசனை சொல்லவும் நமக்கு இத்தகையவர்கள் தேவை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை நாம் தவறாமல் கட்டுகிறோம். அவர்கள் படித்ததைக் கேட்க மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை. அடுத்த முறை ஆடிட்டர் அலுவலகத்துக் கவர் வரும்போது, பேனாவை எடுக்கும் முன் மகளைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு தாளும் என்ன என்று அவள் உம்மாவுக்கு எடுத்துச் சொல்லட்டும். புரியாத தாளை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடலாம். ஒரு நாள் தாமதமானால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. தெரிந்து போட்ட கையெழுத்துக்குத்தான் நாம் இம்மையிலும் மறுமையிலும் நிம்மதியாகப் பதில் சொல்ல முடியும்.